பறிகூலிக் கணக்கு: மெமரி, பிராசசர் சந்தைச் சுழற்சியைப் படிப்பது எப்படி?

சிங்கப்பூரின் ரோச்சோர் எம்ஆர்டியை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தேக்கா சந்தை. சனிக்கிழமைகளில் நான் இரண்டுக்கும் போவேன். தேக்காவில் தக்காளியும் சின்ன வெங்காயமும் வாங்க வேண்டும். சிம் லிம்மில் பெரும்பாலும் எதுவும் வாங்குவதில்லை. கடைகளில் கொடுக்கும் விலைப்பட்டியல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருவதோடு சரி. வீட்டில் இதற்கு நிறைய கேலி உண்டு.

2025 டிசம்பரில் எடுத்து வந்த ஒரு தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பிராசசர், மதர்போர்டு, கேபினெட் எல்லாவற்றுக்கும் அச்சடித்த விலை அப்படியே இருந்தது. ரேம் பகுதியில் மட்டும் அச்சடித்த எண்ணைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் வேறு எண் எழுதி, அதையும் அடித்து மூன்றாவதாக ஒன்று எழுதியிருந்தார்கள். ஒரே வாரத்துத் தாள் அது. ஒட்டன்சத்திரம் பக்கம் பிறந்தவனுக்கு இது புதுக் காட்சி இல்லை. அங்கே கமிஷன் மண்டிகளில் தக்காளி விலையைக் கரும்பலகையில் இப்படித்தான் அழித்து அழித்து எழுதுவார்கள்.

உட்லண்ட்ஸ் பக்கத்து வேஃபர் (சில்லுகள் உருவாகும் வட்டமான சிலிக்கான் தட்டு) தொழிற்சாலைகளில் கருவிப் பராமரிப்பு வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். அதில் எனக்கு உருப்படியாகப் புரிந்த ஒரு விஷயத்தை, கணினி வாங்குகிறவர், இந்தத் துறையில் வேலை பார்க்கிறவர், பங்கு வைத்திருப்பவர் மூவருக்கும் உதவும்படி படிப்படியாகச் சொல்லப் பார்க்கிறேன். மெமரிச் சந்தையில் விலை என்பது கடைசியாக வந்து சேரும் செய்தி. முதலில் பார்க்க வேண்டியவை கிடங்கும் விதைப்பும், அதாவது விற்காமல் கையில் இருக்கும் சரக்கும், நிறுவனங்கள் போடும் புது முதலீடும்.

படி 1: காயையும் சேலையையும் பிரித்து வையுங்கள்

சிப் துறை என்று மொத்தமாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. மெமரி வேறு, பிராசசர் வேறு.

ஒரு நிறுவனத்தின் டிடிஆர்5 (டிடிஆர்4க்கு அடுத்த தலைமுறை) ரேமைக் கழற்றிவிட்டு இன்னொரு நிறுவனத்தின் டிடிஆர்5 ரேமை மாட்டினால் கணினிக்கு வித்தியாசமே தெரியாது. ஜெடெக் என்ற அமைப்பு வகுத்த தரத்துக்குள்தான் எல்லோரும் தயாரிக்கிறார்கள். தக்காளி எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று சாம்பார் கேட்காது அல்லவா, அதே கதைதான். அதனால் இங்கே போட்டி முழுக்க விலையில்தான். டிராம் என்கிற தற்காலிக நினைவகம், நாண்ட் என்கிற சேமிப்பு நினைவகம் இரண்டுக்கும் இது பொருந்தும்.

பிராசசர் பட்டுச் சேலை மாதிரி. இன்டெல் சில்லுக்கு உண்டான மதர்போர்டில் ஏஎம்டி சில்லு உட்காராது. மென்பொருள், பழக்கம், நிறுவன ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்து வாங்குபவரைக் கட்டிப்போடும். விலையைத் தயாரிப்பாளர் நிர்ணயிக்கிறார். அது வாரத்துக்கு வாரம் ஆடுவதில்லை. மேலே சொன்ன தாளில் பிராசசர் பகுதியில் ஒரு பேனாக் கீறல்கூட இல்லாததற்குக் காரணம் இதுதான்.

படி 2: பறிகூலியைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் விஷயமே இருக்கிறது. அவசரப்படாமல் வாசியுங்கள்.

தக்காளி கிலோ நூறு ரூபாய்க்குப் போன வருடம் எங்கள் பக்கத்தில் எல்லோரும் தக்காளி போடுவார்கள். எல்லார் தோட்டமும் ஒரே நேரத்தில் காய்க்கும். விலை விழும். நட்ட செலவு, உரம், தண்ணீர் எல்லாம் ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்ட பணம். இப்போது விவசாயி பார்ப்பது ஒன்றே ஒன்று: பறிகூலிக்காவது கட்டுமா? கட்டினால் நஷ்டத்தோடு நஷ்டமாகப் பறித்து மண்டிக்கு அனுப்புவார். கட்டாவிட்டால் செடியிலேயே விட்டுவிடுவார், அல்லது மாட்டை விட்டு மேய்ப்பார்.

வேஃபர் தொழிற்சாலையும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. ஒரு நவீன ஆலைக்கு பல நூறு கோடி அமெரிக்க டாலர் ஆகிறது. அதில் பெரும்பகுதி கருவிகளின் விலை. வாங்கிய அன்றே போன பணம். பிறகு ஒவ்வொரு வேஃபருக்கும் ஆகும் ரசாயனம், மின்சாரம், சம்பளம் ஆகியவைதான் பறிகூலி. விலை மொத்தச் செலவுக்குக் கீழே போனாலும் பறிகூலிக்கு மேலே இருக்கும்வரை ஆலையை ஓட்டுவதே லாபம், ஏனென்றால் நிறுத்தினால் நஷ்டம் இன்னும் கூடும். எனவே விலை விழும்போதும் உற்பத்தி குறைவதில்லை, சமயத்தில் கூடுகிறது. விலை குறைந்தால் வரத்தும் குறையும் என்ற பாடப்புத்தகக் கணக்கு இங்கே ஒரு வருடம், ஒன்றரை வருடம் தாமதமாகத்தான் வேலை செய்யும்.

அந்தத் தாமதத்துக்குள்ளும் இரண்டு வகை உண்டு. வெற்று வேஃபராக உள்ளே போனது சில்லாக வெளியே வரச் சுமார் மூன்று மாதம் ஆகிறது. எங்கள் தலைக்கு மேலே கூரைத் தண்டவாளத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் 25 வேஃபர் ஏற்றிக்கொண்டு சின்னச் சின்ன ஊர்திகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பெட்டி ஒரே கருவிக்குத் திரும்பத் திரும்ப வரும், நூற்றுக்கணக்கான கட்டங்களைத் தாண்டும். இன்று உள்ளே போகும் பெட்டியை நிறுத்தினாலும் மூன்று மாதச் சரக்கு வழியில் இருக்கிறது. இது சின்னத் தாமதம். பெரிய தாமதம் புது ஆலை கட்டுவது. உட்லண்ட்ஸில் மைக்ரான் 2025 ஜனவரியில் எச்பிஎம் மெமரிக்கான (செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளுக்கான அதிவேக டிராம்) 7 பில்லியன் அமெரிக்க டாலர் பொதிவு ஆலைக்கு, அதாவது முடிந்த சில்லுகளை அடுக்கி உறையிடும் ஆலைக்கு, அடிக்கல் நாட்டியது. செயல்படத் தொடங்குவது 2026, குறிப்பிடும்படியான கொள்ளளவு 2027 என்று அப்போதே அறிவித்தார்கள். அது பொதிவு ஆலைதான். முழு வேஃபர் ஆலை இன்னும் மெதுவாக எழும். ஆக, விலை உச்சத்தில் இருக்கும்போது எடுக்கும் முடிவு விலை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாத ஒரு காலத்தில் சரக்காக வந்து நிற்கும்.

இந்த ஆட்டத்தில் தாக்குப்பிடிக்காதவர்கள் நிறைய. முதல் வெற்றிகரமான டிராம் சில்லை 1970இல் விற்பனைக்கு விட்ட இன்டெலே 1985இல் ஜப்பானிய நிறுவனங்களின் விலையோடு மல்லுக்கட்ட முடியாமல் டிராமை விட்டு விலகி, பிராசசரில் முழுதாக இறங்கியது. அந்த ஜப்பானியர்களைக் கொரியர்கள் வந்து வென்றார்கள். 2009 ஜனவரியில் ஜெர்மனியின் கிமோண்டா நொடித்தது. 2012 பிப்ரவரியில் ஜப்பானின் எல்பிடா திவாலாகி, அடுத்த ஆண்டு மைக்ரானிடம் போனது. இப்போது உலக டிராமில் பத்தில் ஒன்பது பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றின் கையில்.

சிங்கப்பூருக்கும் இந்தக் கதையில் ஒரு பக்கம் உண்டு. 1991இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், கேனன், ஹியூலெட் பேக்கார்டு ஆகியவற்றோடு சிங்கப்பூர் அரசின் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டெக் செமிகண்டக்டர் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. 1998இல் டெக்சஸின் மெமரித் தொழிலை மைக்ரான் வாங்கியபோது அந்தப் பங்கும் கைமாறியது. உட்லண்ட்ஸில் மைக்ரான் இன்று இவ்வளவு பெரிதாக நிற்பதன் வேர் அங்கே இருக்கிறது.

மூன்று பேர்தானே, கூடிப் பேசி விலையை நிறுத்தி வைக்க மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. நிறையப் பேர் இருந்த காலத்திலேயே அதைச் செய்து பார்த்தார்கள். 2005இல் சாம்சங் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 மில்லியன் டாலர் அபராதம் கட்டியது. ஹைனிக்ஸ், இன்ஃபினியான், எல்பிடாவும் கட்டின.

படி 3: ஒரு முழுச் சுற்றை எடுத்து நடந்து பாருங்கள்

பருவங்களுக்குப் பெயர் வைத்து மனப்பாடம் செய்வதைவிட, ஒரு சுற்றை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்ப்பது நல்லது. கடைசியாக முடிந்த சுற்றே போதும்.

2020, 2021 பெருந்தொற்றுக் காலம். வீட்டிலிருந்து வேலை, வீட்டிலிருந்து படிப்பு; ஒவ்வொரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலும் இரண்டு மடிக்கணினி கூடுதலாக வந்தது. சரக்கு கிடைக்காதோ என்ற பயத்தில் கணினி நிறுவனங்களும் சர்வர் நிறுவனங்களும் தேவைக்கு மேல் ஆர்டர் போட்டன. இந்த இரட்டை ஆர்டரைக் கவனியுங்கள். உச்சத்தில் தெரியும் தேவையில் ஒரு பங்கு எப்போதும் பயம்தான்.

2022 நடுவில் பயம் தெளிந்தது. கணினி விற்பனை விழுந்தது. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் உலகக் கணினி விற்பனை முந்தைய ஆண்டைவிட நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. வாங்குபவர்கள் புதிதாக வாங்காமல் கிடங்கில் இருப்பதைத் தின்னத் தொடங்கினார்கள். மெமரி நிறுவனங்களின் கிடங்கு நிரம்பியது. 2022 செப்டம்பரில் மைக்ரான் முதலீட்டைக் குறைப்பதாகச் சொன்னது; அக்டோபரில் எஸ்கே ஹைனிக்ஸ் அடுத்த ஆண்டு முதலீட்டைப் பாதிக்கும் மேல் வெட்டுவதாக அறிவித்தது. சாம்சங் மட்டும் அசையவில்லை. எல்லாரையும்விடக் குறைந்த பறிகூலி உள்ளவர் கடைசிவரை பறிப்பார் என்பது இதுதான். 2023 ஏப்ரலில் சாம்சங்கும் உற்பத்தியைக் குறைப்பதாக ஒப்புக்கொண்டது.

என்னைக் கேட்டால் அந்தச் சுற்றின் அடிவாரம் அந்த அறிவிப்புதான். ஆனால் அன்றைக்குச் செய்தியில் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. 2023 நிதியாண்டில் மைக்ரானின் வருவாய் சுமார் 30.8 பில்லியனிலிருந்து 15.5 பில்லியன் டாலருக்கு வந்தது, நிகர நஷ்டம் 5.8 பில்லியன். எஸ்கே ஹைனிக்ஸுக்கு 7.7 டிரில்லியன் வான் (கொரிய நாணயம்) செயல்பாட்டு நஷ்டம். இங்கே எண்ணெய் சாரா உள்நாட்டு ஏற்றுமதி 2022 அக்டோபர் தொடங்கி 2023 அக்டோபர்வரை ஒவ்வொரு மாதமும் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிடக் குறைவாகவே இருந்தது. உணவகத்தில் எங்களோடு சாப்பிட வரும் கருவி நிறுவனங்களின் பொறியாளர்களில் பாதிப் பேரைக் காணோம். புதுக் கருவி வராவிட்டால் அதைப் பொருத்துகிறவருக்கு இங்கே என்ன வேலை?

2023 முடிவதற்குள் விலை திரும்பியது. 2024இல் உலக மெமரி விற்பனை 165 பில்லியன் டாலரைத் தொட்டது, முந்தைய ஆண்டைவிட 79 விழுக்காடு அதிகம். எஸ்கே ஹைனிக்ஸ் அதே ஆண்டில் 23 டிரில்லியன் வானுக்கு மேல் செயல்பாட்டு லாபம் காட்டியது. நஷ்டக் கணக்கிலிருந்து சாதனை லாபத்துக்கு ஒரே வருடம்.

படி 4: மாதாமாதம் பார்க்க வேண்டிய எண்கள்

மெமரிக்கு இரண்டு விலை. பெரிய வாங்குபவர்கள் காலாண்டுக்கோ மாதத்துக்கோ பேசி முடிப்பது ஒப்பந்த விலை. பெரும்பகுதிச் சரக்கு இந்த விலையில்தான் போகிறது. மிச்சம் மீதி கைமாறும் சின்னச் சந்தையின் விலை உடனடி விலை. தைவானின் டிரெண்ட்ஃபோர்ஸ் இரண்டையும் கண்காணித்து வெளியிடுகிறது. உடனடி விலை முந்தி ஓடும், சமயத்தில் பொய்யும் சொல்லும். 1999 செப்டம்பரில் தைவான் நிலநடுக்கம் வந்ததும் உடனடி விலை துள்ளியது. அந்த மாதிரித் துள்ளல் சுழற்சி ஆகாது. நான் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள இடைவெளியை. உடனடி விலை ஒப்பந்த விலைக்குக் கீழே போய்ப் பல வாரம் அங்கேயே உட்கார்ந்தால் அடுத்த பேரத்தில் ஒப்பந்த விலையும் இறங்கும்.

அதைவிட முக்கியம் கிடங்கு நாள். நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையில் இருப்பு மதிப்பும் விற்ற சரக்கின் செலவும் இருக்கும். இருப்பு 600 கோடி, காலாண்டுச் செலவு 400 கோடி என்றால் ஒன்றரைக் காலாண்டுச் சரக்கு கையில் இருக்கிறது, அதாவது சுமார் 135 நாள். இந்த எண் தனியாக எதுவும் சொல்லாது. தொடர்ந்து மூன்று காலாண்டு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே கேள்வி. வருவாய் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே கிடங்கு நாளும் ஏறத் தொடங்கினால் எனக்குத் தூக்கம் போகும். நிறுவனம் இருப்பின் மதிப்பை வெட்டி எழுதும் காலாண்டு பெரும்பாலும் அடிவாரத்துக்குப் பக்கத்தில் வரும். மைக்ரான் 2023 தொடக்கத்தில் ஒரே காலாண்டில் 1.4 பில்லியன் டாலருக்கு அப்படி எழுதியது.

மூன்றாவது, விதைப்பு: அடுத்த நிதியாண்டுக்கு ஒவ்வொரு நிறுவனமும் அறிவிக்கும் முதலீட்டுத் தொகை. மூவரும் சேர்ந்து உயர்த்தினால் இரண்டு வருடம் தள்ளி வரத்து கூடும்.

காசு கொடுக்காமல் கிடைப்பவையும் உண்டு. கொரியா ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதிவாக்கில் முதல் 20 நாள் ஏற்றுமதியை வெளியிடும். அதில் சில்லுகளுக்குத் தனி எண் இருக்கும். நம் ஏற்றுமதி எண்களை என்டர்பிரைஸ் சிங்கப்பூர் 17ஆம் தேதிவாக்கிலும், உற்பத்தி எண்களைப் பொருளியல் வளர்ச்சிக் கழகம் 26ஆம் தேதிவாக்கிலும் தருகின்றன. மின்னணுவியல் வரியை மட்டும் பாருங்கள், மருந்துத் தயாரிப்பு எண்கள் அடிக்கடி மொத்தத்தைக் குழப்பிவிடும்.

படி 5: பிராசசருக்கு வேறு கடிகாரம்

பிராசசரில் கிடங்கைவிடத் தலைமுறைதான் கணக்கு. புதுத் தலைமுறை வந்ததும் பழையது தள்ளுபடிக்கு வரும். யாருடைய உற்பத்தி நுட்பம் முன்னே இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும்: 2017இல் ஏஎம்டியின் ஜென் என்ற புது பிராசசர் வடிவமைப்பு வந்தது, அடுத்த ஆண்டே இன்டெலுக்கு 14 நானோமீட்டர் சில்லுகளில் தட்டுப்பாடு, வாங்குபவர்கள் எதிர்க் கடையை எட்டிப் பார்த்தார்கள். தேவையும் சில சமயம் தேதி போட்டு வரும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தபோது பல அலுவலகங்கள் கணினி மாற்றின. கிராஃபிக்ஸ் சில்லு மட்டும் இரண்டுக்கும் நடுவில் ஊசலாடும். 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் என்ற மின்னாணயம், கிராஃபிக்ஸ் கார்டுகளை ஓட்டிக் காசு ஈட்டும் சுரங்க முறையைக் கைவிட்டதும் பழைய கார்டுகள் சந்தையில் கொட்டின.

படி 6: "இந்த முறை வேறு" என்றால் பாதி நம்புங்கள்

2018இல் நான் இதை முழுசாக நம்பினேன். மூன்றே நிறுவனங்கள், எல்லோரும் பக்குவப்பட்டுவிட்டார்கள், தரவு மையங்களுக்கு மெமரி வேண்டிக்கொண்டே இருக்கும், இனிச் சுழற்சியே கிடையாது என்று பேச்சு. ஒரு மெமரி நிறுவனத்தின் பங்கு அதன் ஆண்டு வருமானத்தைப்போல் ஐந்து மடங்கு விலைக்குத்தான் விற்றது. இவ்வளவு மலிவா என்று வாங்கினேன். ஆறே மாதத்தில் கிட்டத்தட்டப் பாதியானது. சாம்சங்கின் செயல்பாட்டு லாபமும் 2018இல் 58.9 டிரில்லியன் வானாக இருந்தது 2019இல் 27.8 ஆனது.

சுழற்சித் துறையில் பங்கு விலைக்கும் வருமானத்துக்கும் உள்ள இந்த விகிதம் தலைகீழாகப் பேசும். மலிவாகத் தெரிவது லாபம் உச்சத்தில் இருப்பதால். அந்த லாபம் நிற்காது என்று சந்தைக்குத் தெரியும். நஷ்டம் ஓடி, விகிதம் கணக்கிடவே முடியாத நேரம்தான் பெரும்பாலும் வாங்குவதற்கான நேரம். கைக்குத்தான் தைரியம் வராது.

இப்போதைய ஏற்றத்தில் உண்மையிலேயே புதிதாக ஒன்று இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளோடு ஒட்டிக்கொள்ளும் எச்பிஎம் மெமரி, அதே அளவு டிடிஆர்5ஐவிடச் சுமார் மூன்று மடங்கு வேஃபர் கேட்கிறது. அதற்கு நிலம் ஒதுக்கினால் சாதாரண ரேமுக்கு நிலம் இல்லை. 2025 டிசம்பரில் மைக்ரான், நம் வீட்டுக் கணினிகளுக்கு ரேமும் சேமிப்பகமும் விற்ற குரூஷியல் பிரிவையே மூடுவதாக அறிவித்தது அந்தக் கணக்கில்தான். தேவை வேறு மாதிரி என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புது ஆலைகளின் அடிக்கல்லும் விழுந்துகொண்டிருக்கிறது. வரத்து என்கிற அந்தப் பாதி மாறவே இல்லை.

படி 7: உங்கள் விஷயத்துக்கு வாருங்கள்

கணினி வாங்குகிறவருக்கு: கிடங்கு நிறைந்த வருடத்தில் தேவைக்கு ஒரு படி கூடுதலாக ரேம் போட்டுவிடுங்கள். விலை ஏறும் வருடத்தில் இரண்டு துளை உள்ள மதர்போர்டில் ஒரு துளையை மட்டும் நிரப்பிவிட்டுக் காத்திருக்கலாம். வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பழைய தலைமுறை மலிவாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தயாரிப்பை நிறுத்தும் கட்டத்தில் அது எகிறும்; 2025 நடுவில் டிடிஆர்4 சில்லுகள் உடனடிச் சந்தையில் டிடிஆர்5ஐவிட விலை ஏறி நின்றன.

ஆலையில் வேலை பார்க்கிறவருக்கு: உச்ச வருடத்துப் போனஸைச் சம்பளம் என்று நினைத்து வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போடாதீர்கள். நான் போட்டேன், அடுத்த வருடம் பதின்மூன்றாவது மாதச் சம்பளத்தோடு நின்றது. எஸ் பாஸ், வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகளுக்கு இது இன்னும் கூர்மையானது. வேலை போனால் வேறு முதலாளியைத் தேடக் கிடைக்கும் நாட்கள் குறைவு. ஆகவே மெமரிக்கு மட்டும் பயன்படும் வேலையை மட்டும் கற்றுக்கொண்டு நிற்காதீர்கள். பொறித்தல், படலம் படியவைத்தல், வெற்றிடக் கருவிகள் போன்றவை எங்கும் ஒன்றே. உட்லண்ட்ஸில் குளோபல்ஃபவுண்ட்ரீஸ், பாசிர் ரிஸ்ஸில் யுஎம்சி, தெம்பனீஸில் விஎஸ்எம்சி எல்லாம் வேறு சில்லுகளுக்கான ஆலைகள், அவற்றின் ஏற்றஇறக்கம் மெமரியோடு நாள் பார்த்து ஒத்துப்போவதில்லை.

பங்கு வைத்திருப்பவருக்கு என்னிடம் இருப்பது ஒரு பழைய நோட்டுப் புத்தகம். மாதம் ஒரு வரி: உடனடி விலை ஒப்பந்த விலைக்கு மேலா கீழா, கிடங்கு நாள் ஏற்றமா இறக்கமா, முதலீட்டை யார் கூட்டினார் யார் குறைத்தார். நான்காவதாக ஒரு கட்டம் நானே சேர்த்தது, உணவகத்தில் கருவிப் பொறியாளர்கள் எத்தனை மேசை. 2023 ஜூனில் அந்தக் கட்டத்தில் "1" என்று எழுதியிருக்கிறேன். போன வாரம் மதியம் பன்னிரண்டரைக்குப் போனேன், உட்கார இடமில்லை, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டேன்.